குளிர் காய்தல்

எங்கள் ஊரில் தெருக்குழாய் கிடையாது.
இரண்டடி தோண்டினால்
மண்ணும் கல்லும் பனியும் ஒரே கட்டி.
குழாயைப் புதைத்தால் ஒரே ராத்திரியில் வெடித்துவிடும்.
அதனால் குடிக்கவும் குளிக்கவும் தண்ணீர்
என் லாரியில் வருகிறது.
தீயை அணைக்கவும் அதே லாரிதான்.
எண்பத்தொரு வீடு, ஒரு லாரி, நான்.
மாற்று ஆள் ஜோமி. அவனுக்கு முதுகுவலி.

மூன்று மணிக்கே இருட்டிவிட்ட ஒரு திங்கட்கிழமை,
மைனஸ் நாற்பத்துமூன்று.
ஊலூசியின் மருமகன் பீட்டலோசி
வீட்டுக்கு அடியில் தவழ்ந்து போய்
உறைந்த கழிவுக்குழாயை
கேஸ் டார்ச்சால் இளக்கினான்.
குழாய் இளகியது.
அதற்குப் பின்னால் அடைத்திருந்த பஞ்சு
உள்ளுக்குள்ளேயே கனியத் தொடங்கியதை
அவன் பார்க்கவில்லை.
மேலே வந்து தேநீர் குடித்தான்.

ஒன்று சொல்ல வேண்டும்.
அக்டோபரில் அந்த வீட்டுக் கூரையில்
புகைமணியைத் திறந்தபோது பேட்டரி இல்லை.
வானொலிக்குள் இருந்தது.
வெள்ளிக்கிழமை ராத்திரி வானொலியில் பிங்கோ.
"இந்த வாரம் பெரிய பரிசு" என்றாள் ஊலூசி.
என் சட்டைப்பையில் இருந்ததைப் போட்டுவிட்டு வந்தேன்.
விலை பதினான்கு டாலர்,
இன்னும் தரவில்லை.

அந்தப் பதினான்கு டாலர்
ராத்திரி ஒன்றே முக்காலுக்குக் கத்தியது.

வெறும் காலுறையோடு பனியில் நின்றார்கள்.
எண்ணினேன். ஆறு.
ஏழு இருக்க வேண்டும்.
மறுபடி எண்ணினேன். ஆறு.
என் வயிற்றுக்குள் ஏதோ கழன்று விழுந்தது.
லீத்தியா வாய் திறக்காமல் திரும்பி
முதுகைக் காட்டினாள்.
மேலங்கியின் பெரிய தொப்பிக்குள்
ஏழாவது
தூங்கிக்கொண்டிருந்தது.

லாரியில் பாதித் தண்ணீர்தான்.
சாயங்காலம் பள்ளிக்கூடத் தொட்டியை நிரப்பியிருந்தேன்.
ஒரு வீட்டை அணைக்கப் போதாது,
ஒரு வீட்டை நனைக்கப் போதும்.
யாரிடமும் கேட்கவில்லை.
காற்று போகும் பக்கத்தில் இருந்த
பதிமூன்றாம் வீட்டுச் சுவருக்குக் குழாயைத் திருப்பினேன்.
ஊலூசி பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு மணிக்கு வால்வு உறைந்தது.
கையுறை கட்டையாகிவிட்டது, விரல் மடங்கவில்லை.
இனி செய்ய ஒன்றுமில்லை.
ஐந்து பேர், இமையில் பனியோடு,
நெருப்புக்கு முதுகைக் காட்டி எட்டவே நின்றோம்.
எரிகிற வீட்டில் குளிர் காய
யாருக்கு மனம் வரும்?

ஊலூசிதான் வந்தாள், யாரோ கொடுத்த பூட்ஸில்.
என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் போய்
தன் சமையலறை இருந்த பக்கம் நீட்டினாள்.
"காட்டு.
விரல் போயிட்டா தண்ணி யாரு கொண்டுவருவா?"
காட்டினேன்.
வலி திரும்பி வந்தது, விரல் விரலாக.
மற்றவர்களும் வந்து நின்றார்கள்.
அவள் வீடு
எங்கள் கைகளுக்காகக் கொஞ்ச நேரம் எரிந்தது.

வியாழக்கிழமைப் பட்டியலில்
பன்னிரண்டு அப்படியே இருந்தது: ஆயிரம் லிட்டர்.
பழக்கத்தில் பிரேக் போட்டுவிட்டேன்.
கறுப்புச் சதுரத்தின் நடுவே அடுப்பு,
அடுப்பின் மேல் கெட்டில்.
பேனாவை எடுத்து, திரும்பப் பையில் வைத்தேன்.

பதிமூன்றில் நான் ஊற்றியதெல்லாம்
சுவரோடு உறைந்து கதவை அடைத்திருந்தது.
இரண்டு நாளாக ஜன்னல் வழியாகப்
போய் வருகிறார்களாம். சிரித்தார்கள்.
நான் சிரிக்கவில்லை.
கோடாரியால் அரைமணி நேரம் கொத்தினேன்.
கொதிகலனின் புகைவாயில் அடைத்திருந்த பனியைத்
தட்டிவிட்டேன்.
பிறகு பூட்ஸைக் கழற்றாமலே உள்ளே போய்
நாற்காலியில் ஏறி
கூரையில் இருந்த பொத்தானை அழுத்தினேன்.

சத்தமே இல்லை.

நாளை வெள்ளிக்கிழமை.
வீட்டுக்காரர் வானொலியைப் பார்த்தார்,
பிறகு தரையை.
நான் சட்டைப்பையைத் துழாவினேன்.
ஒன்று இருந்தது.